ஓரிரவு இருக்கை!

தோழரே!

ஓரிக்கை என்னும் ஊரை நீர் அறிவீர். அறியாதவராயின், காஞ்சியிலிருந்து உத்தரமேரூர் செல்லும் சாலையிலே பாலாற்றுப் பக்கம் பார்த்து நடந்தால் போதும். தறியோசை முன்னே வரும். ஊர் பின்னே வரும்.

அவ்வூருக்கு அப்பெயர் வந்த கதையைக் காஞ்சியிலே பாட்டிமார் சொல்வர். பல்லவ மன்னனின் சினத்துக்கு ஆளான கணிகண்ணன், நகரை விட்டு வெளியேறினானாம். சீடனில்லாத ஊர் எனக்கு எதற்கு என்று ஆசான் திருமழிசை ஆழ்வாரும் புறப்பட்டாராம். அவர் அழைக்கவே, பள்ளிகொண்ட பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம், ‘ஓரிரவு இருக்கை’. அது மருவி ஓரிக்கை ஆயிற்றாம். மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதும், மூவரும் திரும்பிவிட்டனராம்.

நம்புவோர் நம்பட்டும்; நம்பாதார் கதையென்று கொள்ளட்டும். கதையிலும் ஒரு கருத்து உண்டு, கவனித்தீரா? வந்தவர் பெருமாள்! ஆயினும் ஒரே ஓர் இரவுதான் தங்கினார். காரியம் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு தம் இடம் போய்ச் சேர்ந்தார்!

இன்றோ, ஓரிரவு என்று சொல்லி வருகிறவை திரும்புவதில்லை. “இந்த இரும்புக் குழாய்கள் இன்று இரவு மட்டும் இங்கே கிடக்கட்டும், அண்ணே” என்று இறக்கப்படுகின்றன. இரவு போகிறது, இரும்பு போவதில்லை. “இந்த மணல் நாளைக்கே லாரியில் ஏறிவிடும், அம்மா” என்று கொட்டப்படுகிறது. நாளை வருகிறது, லாரி வருகிறது, ஏற்றுவதற்கு அல்ல, இன்னொரு சுமை கொட்டுவதற்கு! பழைய டயர்கள் வருகின்றன, பழுதான தகரங்கள் வருகின்றன, பீப்பாய்கள் வருகின்றன. பெருமாள் கற்ற பாடத்தைப் பீப்பாய்கள் கற்கவில்லை.

ஓரிக்கைக்கு மட்டுமா இந்த வழக்கு? இல்லை, தோழரே! கடையும் குடியும் கலந்து வாழும் ஊர் எதுவாயினும், அங்கே கடைக்காரரின் சரக்கு அடுத்த வீட்டுக்காரரின் வாழ்வை அழுத்துகிறது. திறந்த வெளியிலே, தெருவோரத்திலே, வீட்டுச் சுவரை ஒட்டியே குவிக்கப்படும் பண்டங்களைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உம்மோடு பேச விழைகிறேன். “இது என்ன அரசியல்?” என்று கேட்பீர். ஏழையின் சன்னலை மூட வைப்பது எதுவோ, அது அரசியல்தான்!

கல்லூரிப் படியைப் பாதியில் விட்டு மேடைப் படி ஏறியவன் நான். நாடகம் எழுதிப் பழகியவன். ஆகவே காட்சியாகவே சொல்கிறேன், கற்பனைக் காட்சிதான்.

திரை உயர்கிறது. குழித்தறி. தறியிலே மாம்பழ மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. கணவன் ஓடத்தை வீசுகிறான். மறுபுறம் மனைவி கோர்வைக்குக் கைகொடுக்கிறாள். பக்கத்து மனையிலே எம் சாண்ட் கொட்டுகிறது ஒரு லாரி. காற்று வீசுகிறது. புழுதி எழுகிறது. மனைவி பதறி எழுந்து சன்னலைச் சாத்துகிறாள்.

“சன்னலை மூடினால் இழை தெரியவில்லையே!” என்கிறான் கணவன்.

“திறந்தால் சேலையில் கறை தெரியுமே!” என்கிறாள் மனைவி.

அவ்வளவுதான் காட்சி. வில்லன் இல்லை, வாள் இல்லை, வசனமும் இரண்டே வரி. ஆனால் அந்த இரண்டு வரிக்குள் ஒரு குடும்பத்தின் கூலி அடங்கியிருக்கிறது. சேலையிலே கறை விழுந்தால் கூலியிலே பிடித்தம் விழும். பல நாள் உழைப்பை ஒரு பிடிப் புழுதி தின்றுவிடும்.

அடுத்த காட்சி, ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை. குவிந்து கிடந்த மணல் கரைந்து சாக்கடைக்குள் இறங்குகிறது. சாக்கடை அடைபடுகிறது. தெருநீர் போக வழியின்றி வீட்டுக்குள் வருகிறது. குழித்தறி என்பது பெயருக்கேற்பக் குழியன்றோ? தண்ணீர் தேடுவதும் குழியைத்தானே! நெசவாளி கால் வைத்து மிதிக்கும் பள்ளத்திலே நீர் ஊறுகிறது, தறி நிற்கிறது, அடுப்பும் நிற்கிறது. மணல் வியாபாரிக்கு நட்டம் ஒரு வண்டி மணல். நெசவாளிக்கு நட்டம் ஒரு மாத வாழ்வு.

மழை விட்ட பின்னர் டயர்களின் முறை. டயரின் வளைவுக்குள் தேங்கும் நீர் எளிதில் வற்றாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டில். முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆசியப் புலிக்கொசு என்னும் கொசுவினம் கடல் கடந்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே 1985இல் குடியேறியதே, எப்படி என்று அறிவீரா? பழைய டயர்களுக்குள் பயணம் செய்து! மாகடலையே தாண்டிய கொசுவுக்கு உம் வீட்டு மதில் எம்மாத்திரம்?

இவை மெல்லக் கொல்லும் தீமைகள். நொடியிலே கொல்லும் தீமையும் உண்டு. கிருஷ்ணகிரி பழையபேட்டையிலே, 2023 ஜூலை 29ஆம் நாள், கடைகளும் மனிதர்களும் நெருங்கியிருந்த இடத்திலே பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது உயிர்கள் போயின. அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் சரிந்தன. பக்கத்தில் இருந்தோர் செய்த பிழை என்ன? பக்கத்தில் இருந்தது ஒன்றுதான்!

வங்கத்தின் டாக்கா நகருக்குச் செல்வோம். பழைய டாக்காவில், கீழே இரசாயனக் கிடங்கு, மேலே குடியிருப்பு. நிம்தலியிலே 2010 ஜூன் 3ஆம் நாள் தீப்பிடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். “கிடங்குகளை ஊருக்கு வெளியே கொண்டு போவோம்” என்று உறுதி கூறப்பட்டது. உறுதி ஏட்டிலே இருந்தது. கிடங்கு வீட்டிலே இருந்தது. 2019 பிப்ரவரி 20ஆம் நாள் சவுக்பஜாரில் மீண்டும் தீ. மீண்டும் அறுபதுக்கு மேற்பட்ட பிணங்கள். முதல் தீ விபத்து என்போம். இரண்டாம் தீயை என்னென்பது?

பெய்ரூட்டை மறந்திருக்க மாட்டீர். 2020 ஆகஸ்ட் 4. துறைமுகக் கிடங்கிலே கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து, இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொன்று, நகரின் கண்ணாடிகளையெல்லாம் நொறுக்கியது. அந்தச் சரக்கு அங்கே தங்குவதற்கு வந்ததா? இல்லை. வழியிலே நின்றுபோன கப்பலிலிருந்து, தற்காலிகமாக இறக்கி வைக்கப்பட்டது. தற்காலிகம் ஆறு ஆண்டு நீடித்தது! அந்த வெடியோசை கேட்ட பிறகே நம் சென்னை மணலியிலும் நினைவு வந்தது: 2015இல் சுங்கத் துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், குடியிருப்புகளுக்குத் தொலைவில்லாத சரக்குப் பெட்டக முனையத்திலே ஐந்தாண்டுகளாகக் கிடந்தது. அந்த ஆகஸ்டு மாதத்திலேயே அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றப்பட்டது. ஊர் பிழைத்தது. ஆனால் விதியால் பிழைக்கவில்லை. இன்னொரு ஊர் எரிந்ததால் பிழைத்தது!

“சட்டம் இல்லையா?” என்று கேட்பீர். உண்டு, தோழரே, உண்டு! 1920இலேயே சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்திலே 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. கட்டடம் எழுப்புவதற்கு மட்டுமல்ல, நிலத்தின் பயனையே கணிசமாக மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. 2019இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நகரத்தைப் பிரிக்கின்றன: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், இடர்மிகு தொழில் எனப் பல பகுதிகளாக. கட்டடத்தைச் சுற்றி இவ்வளவு இடம் திறந்த வெளியாக விடப்பட வேண்டும் என்றும் விதிக்கின்றன. எதற்காக அந்த வெளி? காற்று வர, வெளிச்சம் வர, தீ வந்தால் தீயணைப்பவர் வர! அந்த வெளியிலேதான் குழாய் அடுக்கப்படுகிறது, கம்பி சாய்க்கப்படுகிறது. வரைபடத்திலே வெற்றிடம், வாழ்விலே சரக்கிடம்!

சுவர் எழுப்பினால் அளக்க வருகிறார் அதிகாரி. செங்கல்லைச் சாந்து பூசி அடுக்கினால் அது கட்டடம். அனுமதி எங்கே என்கிறார். அதே செங்கல்லைச் சாந்து பூசாமல் ஆளுயரம் அடுக்கினால் அது சரக்கு, கேட்பாரில்லை. அண்டை வீட்டாரின் காற்றைத் தடுப்பதிலே இரண்டுக்கும் என்ன வேற்றுமை?

ஊரைப் பகுத்து வாழ்வது நமக்குப் புதிதா? காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையிலே பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தாம், பட்டினப்பாலையிலே புகார்த் துறைமுகத்தையும் பாடினார். அங்கே பண்டகசாலை முற்றத்திலே மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. திறந்த வெளிச் சேமிப்புதான்! ஆனால் எப்படி? சுங்கம் கொள்வோர் காவல் இருந்தனர். ஒவ்வொரு பொதியிலும் சோழனின் புலிப் பொறி இருந்தது. எது, எங்கே, எவர் பொறுப்பில் என்ற கணக்கு இருந்தது. சிலப்பதிகாரம் காட்டும் புகாரிலோ, கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்திலே பண்டசாலையும் தொழிலும். உள்ளே பட்டினப்பாக்கத்திலே மாளிகையும் மன்றமும். இரண்டுக்கும் இடையே நாளங்காடி.

கைதட்டிவிடாதீர், தோழரே! கொஞ்சம் பொறும். பழம்பெருமை பேசும்போது பாதி உண்மை பேசுவது நம் மேடைகளின் வழக்கம். மீதியையும் பேசுவோம். அப்பகுப்பிலே பண்டம் மட்டுமா பிரிந்தது? மனிதரும் பிரிந்தனர். உழைப்போர் ஒரு பாக்கம். உயர்ந்தோர் ஒரு பாக்கம். பிற்காலத்திலே ஊர் வேறு, சேரி வேறு என்று ஆக்கியதும் ஒருவகைப் பகுப்புத்தானே? ஆகவே ‘பகுதி வகுக்கிறோம்’ என்று எவர் சொன்னாலும், ‘பொருளைப் பிரிக்கிறீரா, மனிதரைப் பிரிக்கிறீரா?’ என்று கேட்பது நம் கடமை.

அமெரிக்காவிலும் இதே கதை. நகரம் முழுமைக்குமான பகுதி விதிகளை 1916இல் நியூயார்க் இயற்றியது. வானளாவிய கட்டடங்கள் தெருவின் வெளிச்சத்தைத் திருடியது ஒரு காரணம். மற்றொரு காரணம் என்ன தெரியுமா? ஐந்தாம் அவென்யூவின் பெருங்கடைக்காரர்கள், தையல் தொழிற்சாலைகள் தங்கள் வீதிக்கு அருகே வருவதை வெறுத்தனர். நண்பகலிலே நடைபாதையில் கூடும் ஏழைத் தொழிலாளர் கூட்டம் தங்கள் சீமாட்டி வாடிக்கையாளரை விரட்டிவிடும் என்று அஞ்சினர்! துணி வேண்டும், துணி தைத்தவன் வேண்டாம்! காஞ்சியிலே உள்ளவருக்கு இது விளங்காதா? பட்டு வேண்டும், பாவு நீட்டும் தெரு வேண்டாம் என்று சொல்லும் நாள் இங்கும் வராது என்பதற்கு என்ன உறுதி?

ஆம், இங்கேதான் இருக்கிறது இப்பிரச்சினையின் முடிச்சு. விடியற்காலையிலே காஞ்சித் தெருக்களைப் பாரும். தெரு நீளத்துக்குப் பாவு நீட்டி, இழை இழையாய்ச் சீர்செய்து, அறுந்ததை முடிந்து நிற்பர் நெசவாளர். வீட்டுக்குள் அவ்வளவு நீளம் இல்லை. தெருதான் அவர்தம் தொழிற்கூடம். ‘திறந்த வெளியில் பண்டம் வைக்கலாகாது’ என்று ஒரே வரியில் விதி எழுதினால் என்னாகும்? இரும்புக் கிடங்கின் உரிமையாளர் வழக்கறிஞரை அழைப்பார். பாவு நீட்டியவன் அபராதம் கட்டுவான். சிலந்தி வலையிலே சிற்றீ சிக்கும். வண்டு கிழித்துக்கொண்டு போகும்.

பாவு வருகிறது, வெயில் ஏறுமுன் சுருட்டப்படுகிறது. அதுதான் உண்மையான ஓரிரவு இருக்கை! புழுதி எழுப்பவில்லை, வெடிக்கவில்லை, வழியை நிரந்தரமாக மறிக்கவில்லை. கொஞ்ச நேரம் தெருவைக் கடன் வாங்கிப் பின் திருப்பித் தருகிறது. இரும்புக் குவியலோ கடன் வாங்கவில்லை, கவர்ந்துகொண்டது. கடனையும் கவர்தலையும் ஒன்றாகப் பார்க்கும் சட்டம் குருட்டுச் சட்டம்.

பின் எப்படித்தான் விதி இருக்க வேண்டும்? நான் சட்டம் படித்தவனல்லன். ஆனால் அண்டை வீட்டார் கேட்கும் ஐந்து கேள்விகளை நானும் கேட்பேன்.

எது? வெடிப்பதும் எரிவதும் நஞ்சாவதும் வீடுகளுக்கு அருகே அறவே கூடாது, ஓரிரவும் கூடாது. இதிலே இரக்கத்துக்கு இடமில்லை.

எங்கே? கடைக்குப் பின்னே, தன் மனைக்குள்ளே, தெருவிலன்று, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய வெளியிலும் அன்று. வீட்டை ஒட்டிய பக்கத்திலே மதில் இருக்க வேண்டும்.

எவ்வளவு உயரம்? மதிலைத் தாண்டாத உயரம். பிற நாட்டு நகரங்கள் பலவும் கொண்டுள்ள எளிய அளவுகோல் இதுவே. அளவு நாடா இல்லாமலே குழந்தையும் கண்டு சொல்லிவிடும்.

எப்படி? மணலுக்குப் போர்வை; டயருக்குக் கூரை; தரைக்குத் தளம்; மழைநீர் சாக்கடையை அடைக்காதிருக்கத் தடுப்பு.

எவ்வளவு காலம்? ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒரு தேதி எழுதப்பட வேண்டும். தேதி இல்லாத தற்காலிகம் நிரந்தரத்தின் மாறுவேடம்!

“வியாபாரி பிழைக்க வேண்டாமா?” என்ற குரல் கேட்கிறது. நியாயமான குரல். அவரும் நம்மவர்தாம். பத்தடிக் கடைக்கு வாடகை கொடுக்கவே திணறுகிறவர், கிடங்குக்கு எங்கே போவார்? ஆகவே ‘எடு’ என்று சொல்லும் அரசே, ‘இங்கே வை’ என்றும் சொல்ல வேண்டும். ஊர் ஓரத்திலே, சிறுவண்டி சென்று வரும் தொலைவிலே, மாநகராட்சியே பொதுக் கிடங்கு முற்றம் அமைத்துக் குறைந்த வாடகைக்குத் தரட்டும். மாறுவதற்குக் காலமும் தரட்டும். மாற்றிடம் காட்டாத தடை, மாமூலுக்குத்தான் வழிகாட்டும்.

காஞ்சிக்கு இதிலே ஒரு நல்ல வழிகாட்டி உண்டு. நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், நூறாண்டுகளுக்கு முன், சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்தபோது காஞ்சியின் அமைப்பைக் கண்டு வியந்தவர். ஊரைச் சீர்திருத்துவோர் முதலில் ஊரை நோக்க வேண்டும். இடித்துத் தள்ளுவதைவிட, நோயுள்ள இடத்திலே மட்டும் அளவாகக் கத்தி வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதைத்தான் நானும் கேட்கிறேன். ஓரிக்கைக்கு அதிகாரி வரட்டும். காலை ஐந்து மணிக்கு வந்து பாவைப் பார்க்கட்டும். மாலை ஐந்து மணிக்கு வந்து புழுதியைப் பார்க்கட்டும். பிறகு எழுதட்டும் விதியை!

ஊராரைக் குறை சொல்லிவிட்டு நான் மட்டும் நல்லவனாக விடைபெறலாமா? ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் முழங்கிய கூட்டத்தின் மூங்கில் கழிகள், கூட்டம் முடிந்து பல நாள், ஒரு வீட்டு வாசலை மறித்துக் கிடந்தன. ‘நாளைக்கு எடுத்துவிடுவோம்’ என்றவன் நானே. வயதான ஓர் அம்மையார், அக்கழிகளைத் தாண்ட மாட்டாமல் சுற்றிக்கொண்டு போனதை ஒரு நாள் பார்த்தேன். என்னைப் பார்த்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டலை மறந்துவிட்டேன், அந்த மௌனம் மறக்கவில்லை. மக்களுக்காகப் பேசிய மேடை, மக்களின் வழியிலேயே கிடந்தது! நம் தோழர்கள் முதலில் நம் கழிகளை எடுக்கட்டும். அப்போதுதான் பிறர் குழாய்களைச் சுட்டிக்காட்ட நமக்கு விரல் இருக்கும்.

காஞ்சியிலே தேர் ஓடக் கண்டிருப்பீர். வீதிகளே தேருக்காக அகன்றவை. ஆயினும் திருவிழா முடிந்ததும் தேர் வீதியில் நிற்பதில்லை. நிலைக்கு வந்து சேர்கிறது. ஆயிரம் கைகள் இழுத்தாலன்றி அசையாத தேருக்கே ஒரு நிலை உண்டென்றால், நான்கு கைகள் தூக்கினால் நகரும் இரும்புக்கு ஒரு நிலை காண முடியாதா?

முடியும், நீர் கேட்டால். ஓரிக்கை இன்று தனி ஊராட்சியன்று; 2021இல் மாநகராட்சியாகிய காஞ்சியின் ஒரு பகுதி. நகர்ப்புறப் பகுதி சபைகளுக்கு 2022இல் விதிகள் வந்துவிட்டன. நகரின் வரைவுத் திட்டம் வெளியிடப்படும்போது மக்களின் ஆட்சேபணையையும் யோசனையையும் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். ஓரிக்கைச் சாலை எங்கே போகிறது? உத்தரமேரூருக்கு! ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர்ச்சபை தனக்குத் தானே விதி வகுத்துக் கல்லிலே வெட்டிய ஊருக்கு. அச்சபையிலே எல்லோருக்கும் இடமிருந்ததில்லை. இன்றைய சபையிலே உமக்கு இடமுண்டு. நெசவாளிக்கும், அவன் மனைவிக்கும், அந்த அம்மையாருக்கும் இடமுண்டு.

போய் அமரும். எழுந்து கேளும். “இந்தக் குவியல் என்றைக்குப் புறப்படும்? தேதி சொல்லுங்கள்” என்று கேளும். வியாபாரி தேதி சொல்லட்டும். அதிகாரி இடம் சொல்லட்டும்.

மூடிய சன்னல் திறக்கட்டும். மஞ்சள் பட்டின் மேல் வெளிச்சம் விழட்டும். புழுதி விழ வேண்டாம்.